மாணவர்கள் இல்லாத சட்டக்கல்லூரி... பாரிமுனை சிவப்புக் கட்டடத்தின் கதை!

சென்னை ஐகோர்ட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, எஸ்கலேட்டரில் மேலே வந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் கால் வைத்தால் முதலில் வரவேற்பது ஹாரன் சத்தம்தான். பூக்கடைப் பக்கம் போகும் ஆட்டோக்கள், பாரிமுனையைச் சுற்றித் திரும்பும் பஸ்கள், கறுப்பு கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடும் வழக்கறிஞர்கள், கட்டுக் கட்டாகக் காகிதம் சுமக்கும் குமாஸ்தாக்கள். இந்தச் சந்தடிக்கு நடுவே மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சிவப்பு நிறத்தில் குவிமாடங்களும் கோபுரங்களும் எழுந்து நிற்கின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் அத்தனையையும் 'ஐகோர்ட்' என்றே சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள்.

அத்தனையும் ஐகோர்ட் இல்லை. வளாகத்தின் மேற்குப் பக்கம் நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடம் தனிக் கட்டடம். தனிக் கதை. 100 ஆண்டுகளுக்கும் மேலாக அதன் பெயர் சட்டக்கல்லூரி. பிறந்தபோது மெட்ராஸ் லா காலேஜ். 1990-ல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக்கல்லூரி ஆனது. 2018-ல் மாணவர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். கட்டடம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு கல்லூரி இடம் மாறுவது பெரிய செய்தியா என்று தோன்றலாம். ஆனால், இந்த மண்ணில் நடந்ததையெல்லாம் வரிசையாகக் கேட்டால் அப்படித் தோன்றாது. ஒரு பழைய கோயில், ஒரு போர், அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம், ஒரு குழந்தையின் கல்லறை, கடைசியில் ஒரு கார் பார்க்கிங் என இந்தக் கதை போகும் இடங்கள் நிறைய.

காலேஜே இல்லாமல் ஜட்ஜ் ஆனவர்

மெட்ராஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். மெட்ராஸ் ஐகோர்ட் செயல்படத் தொடங்கியது 1862 ஆகஸ்ட் 15-ல். இரண்டும் வந்த பிறகும் சட்டத்துக்கென்று தனிக் கல்லூரி கிடையாது. பிரசிடென்சி கல்லூரியில் சட்ட வகுப்புகள் நடந்தன. அதற்கும் முன்னால் படிக்க நினைத்தவர்கள் ஒரு வக்கீலின் ஆபீஸில் சேர்ந்து எடுபிடி வேலையும் பார்த்து, சட்டப் புத்தகங்களைத் தானே புரட்டி, அரசு நடத்தும் பிளீடர் தேர்வை எழுத வேண்டும்.

அப்படி மேலே வந்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் டி. முத்துசாமி ஐயர். தஞ்சை மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்ததாகச் சொல்வார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்த கதையும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெட்ராஸ் ஐகோர்ட்டின் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் இவர்தான். ஐகோர்ட்டுக்குள் இவருக்குப் பளிங்குச் சிலை இருக்கிறது. அடுத்த முறை பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சிலையின் காலைக் கவனியுங்கள்... செருப்பு இருக்காது!

முத்துசாமி ஐயர் போன்றவர்கள் விதிவிலக்கு. விதிவிலக்குகளை நம்பி ஒரு மாகாணத்தின் நீதித்துறையை நடத்த முடியாது. அன்றைய மெட்ராஸ் மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிடப் பலமடங்கு பெரியது. ஆந்திரக் கடற்கரை, மலபார், கன்னடப் பகுதியின் ஒரு பங்கு என எல்லாம் சேர்ந்தது. வழக்குகள் பெருகின. வக்கீல்களுக்கும் முன்சீப்புகளுக்கும் தேவை பெருகியது. 1891-ல் மெட்ராஸ் லா காலேஜ் உருவானது. சொந்தக் கட்டடம் கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1899-ல்தான் ஐகோர்ட்டுக்குப் பக்கத்திலேயே கட்டிய இந்தச் சிவப்புக் கட்டடத்துக்குக் கல்லூரி குடியேறியது.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்தான். வகுப்பில் சாட்சியச் சட்டம் படித்த மாணவன், மணி அடித்ததும் வளாகத்தைத் தாண்டி ஒரு கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால், உண்மையான குறுக்கு விசாரணையை நேரில் பார்க்கலாம். மருத்துவம் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி எப்படியோ, சட்டம் படிக்கிறவனுக்கு கோர்ட் அப்படி.

இர்வின் வரைந்தார்... செட்டியார் கட்டினார்!

கட்டடத்தை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். அந்தக் காலத்து அரசாங்கத்தின் கட்டடக் கலைஞர். இவருடைய கைவரிசையைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. சிம்லாவில் வைஸ்ராய் மாளிகை, மைசூர் அரண்மனை, எழும்பூரில் கன்னிமாரா நூலகம், அதே வளாகத்தில் தேசிய கலைக்கூடமான விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாமே இவர் வரைந்தவை. மெட்ராஸ் ஐகோர்ட்டை முதலில் வடிவமைத்தவர் ஜே.டபிள்யூ. பிராஸிங்டன். அதை விரிவாக்கி முழுவடிவத்துக்குக் கொண்டுவந்தவர் இர்வின். 1892 ஜூலையில் ஐகோர்ட் திறக்கப்பட்டது. சுமார் 13 லட்சம் ரூபாய் செலவானது. இன்று அதே ஏரியாவில் அந்தப் பணத்துக்கு ஒரு சின்னக் கடையின் அட்வான்ஸ்கூடத் தேறுமா என்பது சந்தேகம்.

வரைபடத்தை நிஜமாக்கியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். மெட்ராஸின் அன்றைய நம்பர் ஒன் கான்ட்ராக்டர். ஐகோர்ட், சட்டக்கல்லூரி, கன்னிமாரா நூலகம், விக்டோரியா நினைவு மண்டபம் என இர்வினின் பெரிய கட்டடங்கள் பலவும் இவர் கையால் எழுந்தவை. சேத்துப்பட்டில் ஏராளமான நிலம் வைத்திருந்தார். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பி, 1920-ல் கண் மூடியது செட்டியாருக்குச் சொந்தமான சேத்துப்பட்டு வீட்டில்தான். 'செட்டியார்பேட்டை' என்பதே சேத்துப்பட்டு ஆனது என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்!

கட்டடத்தின் பாணிக்கு இந்தோ-சாராசெனிக் என்று பெயர். வாயில் நாக்கு சுளுக்கும் இந்தப் பெயருக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியா கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசியின் கைக்குப் போனது. 'நாங்கள் வந்தேறிகள் அல்ல, முகலாயர்களுக்கு அடுத்த வாரிசுகள்' என்று காட்டிக்கொள்ளும் ஆசை ஆட்சியாளர்களுக்கு வந்தது. கிரேக்கத் தூண்களை ஓரம்கட்டிவிட்டு வெங்காய வடிவக் குவிமாடம், மினார் போன்ற கோபுரம், வளைவு வளைவான வாசல்கள் என்று கட்டத் தொடங்கினார்கள். உள்ளே அறைகளின் அமைப்பு மட்டும் அசல் இங்கிலாந்து. வெளியே டெல்லி, உள்ளே லண்டன்!

மெட்ராஸில் இந்தப் பாணிக்குக் கதவு திறந்தது சேப்பாக்கத்தில் இருந்த ஆற்காடு நவாபின் அரண்மனை. அதை ஒட்டி ராபர்ட் சிஷோம் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டினார். அவருக்குப் பின் இர்வின். ஒன்று கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் அடையாளம் கோபுரமும் மண்டபமும். அதையெல்லாம் விட்டுவிட்டு வடக்கிலிருந்து குவிமாடத்தைக் கொண்டுவந்து 'இந்தியப் பாணி' என்று சொன்னது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால், 120 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று மெட்ராஸ் என்று யூடியூபில் தேடினால் தம்ப்னெயிலில் முதலில் வருவது இந்தச் சிவப்புக் குவிமாடங்கள்தான். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

ஏ.சி. இல்லாத காலத்து ஏ.சி.!

இந்தக் காலத்துக் கட்டடங்களுக்குள் மே மாதம் மதியம் நுழைந்தவர்களுக்கு ஒரு ஆச்சர்யம் காத்திருக்கும். வெளியே தார் உருகும். உள்ளே உடம்பு சற்றுத் தணியும். காரணம் மந்திரம் இல்லை, சுண்ணாம்பு.

சுவர்கள் செங்கலும் சுண்ணாம்புக் கலவையும் சேர்ந்தவை. கனம் அதிகம் என்பதால் வெயில் உள்ளே ஊறி வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். உயரமான கூரை, அறைகளைச் சுற்றி ஓடும் தாழ்வாரம், எதிரெதிராக வைத்த ஜன்னல்கள். சூடான காற்று மேலே போக, கடல் காற்று கீழே புகும். பாரிமுனையிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தானே!

அந்தக் காலக் கூரைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஊர்ப் பெயரே உண்டு. தேக்கு மர உத்தரங்களை வரிசையாக வைப்பார்கள். அதன் மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல், விளிம்பில் நிற்க வைத்து, குறுக்குச் சாய்வாக சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை அடைப்பு எதுவும் தேவையில்லை. அந்த அடுக்குக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டத் தளம் இறுகும். கடைசியில் தட்டோடு. இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று சென்னையில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். பழைய கட்டடம் ஒன்றைப் பழுது பார்க்க வேண்டும் என்றால் முதல் தலைவலியே இதுதான்.

இரண்டாவது தலைவலி சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு வெளியே விடும். எங்கேயாவது விரிசல் விட்டால் அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல்லை அரித்துவிடும். பார்க்க ரிப்பேர் மாதிரி இருக்கும்... உண்மையில் அது காயத்துக்கு பிளாஸ்டிக் கவர் சுற்றுவது. பல அரசுக் கட்டடங்களில் பல ஆண்டுகளாக நடந்தது இதுதான்.

கொய்யாத் தோட்டத்தில் ஒரு கல்லறை

இனி கதை பின்னோக்கிப் போகிறது. சட்டக்கல்லூரி வருவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பு.

அப்போது இந்த இடம் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரம். துபாஷிகள், நெசவாளர்கள், வியாபாரிகள் வாழ்ந்த நெருக்கமான தெருக்கள். இன்றைய ஐகோர்ட் வளாகத்துக்குள் சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது. சென்னை என்ற பெயருக்கே அந்தப் பெருமாள்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அதன் பக்கத்திலேயே, கொய்யாத் தோட்டம் என்று அழைக்கப்பட்ட இடத்தில் கோட்டை ஆங்கிலேயர்களின் முதல் இடுகாடு.

பிரெஞ்சுக்காரர்களுடன் சண்டை முற்றியபோது, கோட்டைச் சுவரை ஒட்டி எதிரி ஒளிந்துகொள்ள எதுவும் இருக்கக் கூடாது என்று கம்பெனி முடிவெடுத்தது. 1757-ல் கோயில் இடிக்கப்பட்டது. பிறகு தேவராஜ முதலி தெருவில் மாற்று இடம் தந்து புதிதாகக் கட்டினார்கள். பூக்கடைப் பக்கம் இன்றும் இருக்கும் கோயில் அதுதான். கோயிலை இடித்தவர்கள் தங்கள் இடுகாட்டை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்கான விலையை உடனே கொடுத்தார்கள். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை மெட்ராஸை முற்றுகையிட்டபோது, இடுகாட்டில் உயர உயரமாக நின்ற கல்லறைகளே எதிரிக்கு மறைவிடமாக அமைந்தன. முற்றுகை தோற்றுப் பிரெஞ்சுக்காரர்கள் போன பின் கல்லறைகளும் தரைமட்டமாயின. கல்வெட்டுப் பலகைகளை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். சும்மா கிடக்கவிடவில்லை. ஹைதர் அலி படையெடுப்புக் காலத்தில் பீரங்கிகளை நிறுத்த அந்தக் கற்களையே பயன்படுத்தினார்கள்! இன்று அவை தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிந்திருக்கின்றன. நடப்பவர்கள் காலுக்கடியில் பெயர்கள்.

அந்த அழிப்பில் தப்பியவை இரண்டே இரண்டு. ஒன்று பவுனி குடும்பத்துக் கல்லறை. மற்றொன்று, கூம்புபோல உயர்ந்து நிற்கும் ஹின்மர்ஸ் கல்லறை. சட்டக்கல்லூரிக்குக் கல்லறைகள் வந்து சேரவில்லை. கல்லறைகள் இருந்த இடத்துக்குத்தான் சட்டக்கல்லூரி வந்து சேர்ந்தது.

ஜோசப் ஹின்மர்ஸ், கம்பெனியின் மெட்ராஸ் கவுன்சிலில் கவர்னருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். 1680-ல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய மனைவி கேதரின் மறுமணம் செய்துகொண்டார். புதிதாகத் திறந்த புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அது. மாப்பிள்ளை எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை மெட்ராஸின் கவர்னராக இருந்தவர். அவர்களுக்கு டேவிட் என்று ஒரு மகன் பிறந்தான். நான்கு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டான். தாயின் முதல் கணவர் கிடந்த அதே கல்லறையில் குழந்தையையும் அடக்கம் செய்தார்கள்.

யேல் சாதாரண ஆள் இல்லை. வைர வியாபாரம் உட்படச் சொந்தக் கணக்கில் செய்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார். அவர் காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து அடிமைகளாக மனிதர்களை ஏற்றிச் செல்லும் வியாபாரமும் நடந்தது. முறைகேட்டுப் புகாரில்தான் கவர்னர் பதவி போனது. பணம் போகவில்லை. லண்டன் திரும்பிய யேலுக்கு, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து உதவி கேட்டுக் கடிதம் போனது. 1718-ல் 9 பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியம் ஒன்று ஆகியவற்றை அனுப்பினார். பொதிகளில் மஸ்லின், காலிகோ துணிகளும் இருந்தன. சரக்கை விற்றதில் சுமார் 560 பவுண்டு கிடைத்தது. நன்றிக் கடனாகக் கல்லூரி தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

அங்கே ஒரு சட்டக்கல்லூரி

யேல் பல்கலைக்கழகத்தின் சட்டக்கல்லூரி உலகப் புகழ்பெற்றது. அது இயங்கும் ஸ்டெர்லிங் லா பில்டிங் 1931-ல் திறக்கப்பட்டது. ஜான் ஸ்டெர்லிங் என்ற பணக்கார வழக்கறிஞர் விட்டுச்சென்ற சொத்தில் கட்டியது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் கேம்பிள் ராஜர்ஸ். மெட்ராஸில் இர்வின் முகலாயர் வேஷம் போட்டதுபோல, அங்கே ராஜர்ஸ் பழைய இங்கிலாந்து வேஷம் போட்டார். லண்டனில் வக்கீல்கள் பரம்பரையாகத் தங்கிப் படித்த இன்ஸ் ஆஃப் கோர்ட் விடுதிகளைப் பார்த்து, கூர்முனை வளைவுகளும் உள்முற்றங்களும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுமாகக் கட்டினார். 20-ம் நூற்றாண்டுக் கட்டடம், பார்த்தால் பல நூற்றாண்டு வயது சொல்லலாம். ஒரு குறும்பும் உண்டு. சுவர்களில் செதுக்கிய சிற்பங்களில் நீதிபதி, போலீஸ், திருடன் ஆகியோரோடு வகுப்பில் தூங்கும் மாணவனும் இருக்கிறான்!

ஆக, யேல் பெயர் தாங்கிய சட்டக்கல்லூரி ஒன்று அமெரிக்காவில். யேலின் மகன் உறங்கும் சட்டக்கல்லூரி வளாகம் பாரிமுனையில். இரண்டுக்கும் இடையே இருந்த ஒரே இணைப்பு மெட்ராஸில் ஒரு கவர்னர் சேர்த்த பணம். அடிமை முறையோடு தனக்கிருந்த வரலாற்றுத் தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்கள்

மெட்ராஸ் சட்டக்கல்லூரியின் பழைய மாணவர்கள் பட்டியலை எழுதத் தொடங்கினால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். அரசியல் சாசனத்தை எழுதிய வரைவுக் குழுவில் அம்பேத்கரோடு அமர்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமன், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் பதஞ்சலி சாஸ்திரி, ப. சதாசிவம், ஏழைகளின் பக்கம் நின்று தீர்ப்பு எழுதிய வி.ஆர். கிருஷ்ண ஐயர்... எல்லோரும் இங்கே படித்தவர்கள். கட்சி மேடைகளிலும் ப. சிதம்பரம், வைகோ என்று எதிரெதிர் திசைகளில் நின்றவர்கள் இதே வாசலைத் தாண்டியவர்கள்.

பெண்களுக்கு மட்டும் அந்த வாசல் தாமதமாகவே திறந்தது. பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்று சட்டம் வந்ததே 1923-ல்தான். 1920-களின் கடைசியில் பி. ஆனந்தாபாய் மெட்ராஸின் முதல் பெண் சட்டப் பட்டதாரியாக வெளியே வந்தார்.

சட்டம் படிக்க வந்தவர்கள் சட்டத்தை மட்டும் படிக்கவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சட்டக்கல்லூரி மாணவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஒருபக்கம் ஐகோர்ட், இன்னொருபக்கம் கோட்டை. தலைமைச் செயலகம் நடந்து போகும் தூரம். இங்கே ஒரு மறியல் என்றால் அரசாங்கத்தின் காதில் உடனே விழும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் கிராமத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் குறைந்த கட்டணத்தில் சட்டப் படிப்பு, காலையில் வகுப்பு, பிறகு சீனியர் ஆபீஸில் வேலை என்று வாழ்க்கையை ஓட்ட இந்த இடம்தான் வசதி. ஊருக்குப் போக பிராட்வே பஸ் ஸ்டாண்டு, புறநகர் ரயிலுக்குக் கோட்டை ஸ்டேஷன்.

நவம்பர் 12

2008 நவம்பர் 12. இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் யாரும் நினைக்க விரும்பாத நாள். சாதி அடிப்படையில் பிரிந்து நின்ற மாணவர்கள் ஒருவரையொருவர் கட்டைகளாலும் ஆயுதங்களாலும் தாக்கிக்கொண்டார்கள். கீழே விழுந்தவரையும் விடவில்லை. போலீஸார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை டி.வி. கேமராக்கள் நேரடியாகக் காட்டின. அம்பேத்கர் பெயர் தாங்கிய கல்லூரியில், சட்டம் கற்கும் இடத்தில் நடந்தது இது. அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை.

நீதிபதி பி. சண்முகம் தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. கல்லூரியைப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றலாம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. அடுத்து மெட்ரோ வந்தது. சுரங்கப் பாதைப் பணி நடந்த ஆண்டுகளில் கட்டடத்தில் விரிசல் விட்டிருப்பதாக மாணவர்கள் புகார் எழுப்பினார்கள். விரிசலைக் காரணம் காட்டிக் கல்லூரியையே ஊருக்கு வெளியே தள்ளப் பார்க்கிறார்கள் என்று போராடினார்கள். மறியல், உள்ளிருப்பு, தடியடி என எல்லாம் நடந்தது. கட்டடத்தைச் சரிசெய்யுங்கள், எங்களை அனுப்பாதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

கோரிக்கை எடுபடவில்லை. 2018-ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கம். இன்னொன்று திருவள்ளூரைத் தாண்டி பட்டரைப்பெரும்புதூர், பாரிமுனையிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். புதிய கட்டடங்கள், விசாலமான வளாகம், நல்ல வகுப்பறைகள். குறை சொல்ல முடியாது. ஆனால், மதியம் 2 மணிக்கு வகுப்பு முடிந்து ஒரு மாணவி ஐகோர்ட்டில் முக்கியமான வாதத்தைக் கேட்க நினைத்தால், பஸ்ஸும் ரயிலும் மாறி அவர் வந்து சேர்வதற்குள் கோர்ட் எழுந்துவிடும்.

பட்டரைப்பெரும்புதூரைப் பற்றி ஒரு சுவாரஸ்யம். தமிழக தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்து கற்காலக் கருவிகளை எடுத்திருக்கிறது. 17-ம் நூற்றாண்டுக் கல்லறைப் பக்கம் படித்துக்கொண்டிருந்தவர்கள் நேராகக் கற்காலத்துக்கே போய்விட்டார்கள்!

100 மீட்டர் தகராறு

காலியான கட்டடம் ஐகோர்ட்டின் கைக்குப் போனது. பொதுப்பணித்துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவு பழைய முறையில், சுண்ணாம்புக் கலவை கொண்டு புதுப்பிக்கும் வேலையில் இறங்கியது. படித்த இடமே கோர்ட் ஆகும் கதை. இடநெருக்கடியில் தவிக்கும் ஐகோர்ட்டுக்கு இது பெரிய நிம்மதி.

நெருக்கடி அறைகளுக்கு மட்டும் இல்லை, கார்களுக்கும்தான். தினமும் வந்து குவியும் வாகனங்களை நிறுத்த அடுக்குமாடி பார்க்கிங் கட்டலாம் என்ற யோசனை வந்தது. குறுக்கே நின்றது அந்தக் கூம்புக் கல்லறை. 1921-லேயே அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. மத்திய தொல்லியல் சட்டப்படி அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. 300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு குழந்தை, 21-ம் நூற்றாண்டு கார்களை வாசலில் நிறுத்திவைத்துவிட்டது.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. பக்கத்து அறைக்குப் போனது என்றும் சொல்லலாம். 2023 ஜூனில் ஐகோர்ட்டின் தனி நீதிபதி, அந்தக் கல்லறைக்கு வரலாற்று முக்கியத்துவமோ கலை மதிப்போ இல்லை என்று சொல்லி, 4 வாரங்களுக்குள் வேறு பொருத்தமான இடத்துக்கு மாற்றும்படி தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டார். 'காலனி ஆதிக்கத்தின் எச்சத்தை எதற்குக் கட்டிக் காக்க வேண்டும்?' என்று ஒரு தரப்பு கேட்டது. 'அப்படியானால் சுற்றியிருக்கும் ஐகோர்ட் கட்டடம் யார் கட்டியது?' என்று இன்னொரு தரப்பு திருப்பிக் கேட்டது.

இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. யேலுக்கு மரியாதை செய்ய மெட்ராஸுக்கு எந்தக் கடமையும் இல்லை. ஆனால், கொய்யாத் தோட்டம் இருந்தது, முற்றுகை நடந்தது, ஊரின் தொடக்கம் இங்கேதான் என்பதற்கு அந்த மண்ணில் தரைக்கு மேலே மிச்சமிருக்கும் சாட்சிகள் மிகக் குறைவு. கறுப்பர் நகரத்தை இடித்துத் திடலாக்கியபோது எல்லை காட்ட 1773-ல் நட்ட 6 தூண்களில் இன்று ஒன்றுதான் பாரிமுனையில் நிற்கிறது. அதையும் தினமும் லட்சம் பேர் பார்க்காமல் கடக்கிறார்கள்.

போனால் பார்க்கலாமா?

ஐகோர்ட் வளாகத்துக்குள் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம். சுற்றுலாத் தலம்போல நினைத்தபடி நுழைந்து செல்ஃபி எடுக்க முடியாது. ஆனால், என்.எஸ்.சி. போஸ் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றால் கோபுரங்கள் தெரியும். காலை வெயிலில் செங்கல்லின் நிறம் தனியாக எடுக்கும். ஐகோர்ட்டின் உயரமான குவிமாடத்தின் உச்சியையும் பாருங்கள். 1894 முதல் 1977 வரை மெட்ராஸின் கலங்கரை விளக்கம் அங்கேதான் எரிந்தது. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு வீசியபோது ஒரு குண்டு இதே வளாகத்தின் மதிலில் விழுந்தது. அதற்கு ஒரு கல்வெட்டும் உண்டு.

ஆண்டில் ஒருநாள் மட்டும் எப்படியும் உள்ளே போக முடியாது. வளாகத்தின் வழியாகப் பொதுமக்கள் காலங்காலமாக நடப்பதால், அது பொதுவழி என்று யாரும் உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காக வருடத்தில் ஒரு நாள், வழக்கமாக நவம்பரில் ஒரு வார இறுதியில், எல்லா கேட்டுகளையும் பூட்டிவிடுவார்கள். அந்த வழக்கம் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைக்கு வந்து, குறுக்கு வழியில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போக நினைப்பவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். அடுத்த நாள் திங்கட்கிழமை, கேட் திறந்திருக்கும். வக்கீல்கள் வருவார்கள், குமாஸ்தாக்கள் வருவார்கள், கார்கள் வரும். மாணவர்கள் அந்த நேரத்தில் திருவள்ளூர் ரயிலைப் பிடித்திருப்பார்கள்.